இருட்டைத் தேடி மலை ஏறிய விஞ்ஞானி!

சேந்தமங்கலம்: காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனால், மேகம் இல்லாத ராத்திரியில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். கீழே நாமக்கல்லில் நின்று பார்த்தால் கொஞ்சம்தான் தெரியும். நட்சத்திரம் எங்கேயும் போகவில்லை. டவுன் விளக்கு வெளிச்சம் காற்றில் சிதறி வானத்தை வெளுக்க வைத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்த இருட்டோட அருமை தெரிந்து 1960களில் தென்னிந்தியாவில் இடம் தேடி அலைந்தவர் வைனு பாப்பு. 1927ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவும் வானியல்காரர்தான். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949ல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1957ல் ஒலின் வில்சனுடன் சேர்ந்து, நட்சத்திர ஒளியில் உள்ள கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்தே அதன் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். பிரகாசம் தெரிந்தால் தூரத்தையும் கணக்குப் போட்டுவிடலாமே!

1960ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைவரானார். அது சூரியனைப் பார்க்க நல்ல இடம். ராத்திரியில் மேகம் படுத்தும். கடைசியில் சிக்கியது காவலூர். கொல்லிமலை மாதிரியே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்திசை வானமும் நன்றாகத் தெரியும்.

1968ல் அங்கே வைத்தது சொந்தப் பட்டறையில் செய்த 38 செ.மீ. டெலஸ்கோப். 1972ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போன நேரத்தில், அதற்கு முன்பே வெளிச்சம் மங்கியதை காவலூரில் பதிவு செய்தார்கள். முதலில் புது நிலா என்றுதான் நினைத்தார்கள். அது யுரேனஸின் வளையம்! கண்டுபிடித்த பெருமை, விமானத்தில் இருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்குப் போனது.

அடுத்து 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை நம்ம நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று வேலையை ஆரம்பித்தார் பாப்பு. முடிந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் மூனிச் நகரில் இறந்தார். வயசு 55. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ்காந்தி டெலஸ்கோப்புக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்.

காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டும் வழக்கம் உண்டு. மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது. குழந்தைகளோடு கிளம்பும் முன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்க.