பெரியப்பா ஜீப்பும் 2.5 மில்லிமீட்டரும்

எங்க ஊர் குச்சனூர். பேரைச் சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சனீஸ்வரன் கோயில் இருக்கே, அந்த ஊரா?" ஆமா, அதே ஊர்தான். ஆடி மாச சனிக்கிழமைன்னா ஊருக்குள்ள நடக்கவே இடம் இருக்காது. சனிக்கு உரிய உலோகம் இரும்புன்னு சொல்வாங்க. போன வருஷம் லீவுல அந்த இரும்பு என்னைப் பிடிச்சுது. இன்னும் விடல.

பெரியப்பா வீட்டுக் கொட்டகையில ஒரு பழைய மஹிந்திரா ஜீப் நிக்குது. 1974 மாடல், சிஜே-3பி. ஒரு காலத்துல போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு உரமும் சாமானும் சுமந்த வண்டி. கம்பம் பள்ளத்தாக்குல பிறந்தவங்களுக்கு ஜீப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. விடியக்காலைல கேரளா மலைக்கு வேலைக்குப் போற ஆட்களை ஏத்திட்டு ஜீப் வரிசையா போறதைப் பார்த்துதான் நாம வளர்ந்தோம். ஆனா இந்த வண்டி ஓடி ஆறு வருஷம் ஆச்சு. இன்ஜின் சரியாயிடும்னு மெக்கானிக் சொல்லிட்டார். பாடிதான் போச்சு. டிரைவர் சீட்டுல உட்கார்ந்து கீழ பார்த்தா தரை தெரியும்.

எனக்கு அப்போ தோணினது ஒண்ணே ஒண்ணு: இதை ஹாட் ராட் ஆக்கிடலாம்!

ஹாட் ராட்னா என்ன?

1930-கள்ல கலிபோர்னியா பசங்க பழைய ஃபோர்டு கார்களை மலிவா வாங்கி, மட்கார்டைக் கழட்டி, கூரையை வெட்டிக் குட்டையாக்கி, பெரிய இன்ஜினை உள்ள வச்சு, வறண்ட ஏரிப் படுகைகள்ல ரேஸ் விட்டாங்க. அங்கிருந்து வந்ததுதான் இந்தப் பழக்கம். 1948-ல இதுக்குன்னே 'ஹாட் ராட்'ங்கிற பேர்ல ஒரு பத்திரிகையே வந்துச்சு. கடையில பாகம் கிடைக்காது, அதனால எல்லாத்தையும் கையால தட்டித்தான் செய்யணும். எனக்குப் பிடிச்சதே அதுதான்.

பெரியப்பாகிட்ட பானெட்டை வெட்டலாம்னு சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வெட்டிட்டு ரோட்டுல எப்படிப்பா ஓட்டுவ?"

தேடிப் பார்த்தேன். அவர் கேட்டது சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, கம்பெனி கொடுத்த அமைப்புல இருந்து ஆர்.சி. விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரளா வழக்குல இதையே உறுதியா சொல்லிடுச்சு. 2021-ல வந்த விண்டேஜ் வாகன விதிப்படி 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு 'விஏ' எழுத்தோட தனி நம்பர் வாங்கலாம். ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அப்படி வாங்கினாலும் கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாமே தவிர, தினசரி ஓட்ட முடியாது. அதாவது வெட்டின அன்னைக்கே நம்ம ஜீப் வெறும் காட்சிப் பொருள். பழைய வடிவத்துலயே புதுத் தகடு போட்டா அது ரிப்பேர், வண்டி ரோட்டுக்கு வரும்.

ஹாட் ராட் கனவை அங்கேயே மடிச்சு வச்சேன். ஆனா அந்த வித்தை நமக்கு வேணும். பக்கத்துல சின்னமனூர்ல முப்பது வருஷமா டிங்கரிங் பண்ற ஒரு அண்ணன்கிட்ட போய் நின்னேன்.

முதல்ல அட்டை, அப்புறம்தான் தகடு

கத்துக்கிறதுக்கு ஜீப் மாதிரி நல்ல வண்டி கிடையாது. ஏன்னா அதோட பாடி பெரும்பாலும் தட்டை. சிஜே-3பி பானெட் ஏன் அவ்வளவு உயரமா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? உள்ள இருக்கிற ஹரிக்கேன் இன்ஜின் முந்தின இன்ஜினை விட உயரம். அது உள்ள அடங்கணும்னு பானெட்டைத் தூக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அண்ணன் முதல் நாள் என் கையில சுத்தியல் கொடுக்கல. கல்யாணப் பத்திரிகை அட்டையும் கத்திரிக்கோலும் கொடுத்தார். தரைத் தகடு எங்க உட்காரணுமோ அங்க அட்டையை வச்சு வெட்டி, மடிச்சு, ஒட்டி, சரியா உட்கார்ற வரைக்கும் பார்க்கணும். "அட்டை தப்பானா அஞ்சு ரூபா தம்பி, தகடு தப்பானா ஆயிரம் ரூபா"ன்னார்.

தகடுக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட் எடுத்தோம். கனம் கிட்டத்தட்ட 1.2 மி.மீ.

நான் விட்ட கோட்டை

தகட்டோட ஓரத்தை 90 டிகிரி மடக்கணும். வெளி அளவு ஒரு பக்கம் 50 மி.மீ., மறு பக்கம் 25 மி.மீ. ரெண்டையும் கூட்டி 75-க்கு வெட்டி, ஓட்டையும் முன்கூட்டியே போட்டு, லேத் பட்டறையில மடக்கிட்டு வந்தேன். ஒரு போல்ட்டும் சேரல!

செகண்ட் இயர்ல இதே கணக்கைப் போட்டு மார்க் வாங்கியிருக்கேன். ஆனா நிஜத் தகடு கைக்கு வந்தப்போ மறந்துட்டேன். மடக்கும்போது உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நடுவுல நீளம் மாறாத ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டோட நீளம்தான் நமக்கு வேணும்.

மடிப்புல உள் ஆரம் 2 மி.மீ., கனம் 1.2, கே ஃபேக்டர் 0.4-னு வச்சுக்கலாம். 90 டிகிரிங்கிறது 1.571 ரேடியன்.

மடிப்புக்குள்ள போற நீளம் = 1.571 × (2 + 0.4 × 1.2) = 3.9 மி.மீ.

வெளி அளவுல ரெண்டு பக்கமும் சேர்த்து மூலைக்குன்னு நாம கணக்கு வச்சது 2 × (2 + 1.2) = 6.4 மி.மீ. வித்தியாசம் 2.5. அதனால 75-க்கு பதிலா 72.5-க்குத்தான் வெட்டியிருக்கணும். ரெண்டு பக்கமும் மடக்கினதால மொத்தம் 5 மி.மீ. தப்பு. அந்த ஷீட் இப்போ பெரியம்மா வீட்டு அடுப்புக்கு மறைப்பு.

அண்ணனுக்கு ரேடியனும் தெரியாது, கே ஃபேக்டரும் தெரியாது. "ஒரு மடிப்புக்கு ரெண்டு தகடு கனம் கழிச்சுக்க"ன்னார். 2 × 1.2 = 2.4. என் ஃபார்முலா சொன்னது 2.5. நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தட்டையான தகடு ஏன் 'டமடம'ங்குது?

ஜீப் தரையிலயும் பக்கவாட்டுலயும் நீளமா வரப்பு மாதிரி மேடு ஓடும். அது அழகுக்கு இல்லை. 100 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. கனம் உள்ள தட்டைத் தகட்டோட மொமென்ட் ஆஃப் இனர்ஷியா வெறும் 14.4 மி.மீ.⁴. அதே தகட்டுல நடுவுல 20 மி.மீ. அகலத்தை 6 மி.மீ. மேல தூக்கிட்டா, சரிவுப் பக்கங்களைக் கணக்குல எடுக்காமலே 705 வரும். 49 மடங்கு! எடை கிட்டத்தட்ட அதேதான். ஆனா அந்த பலம் மேடு ஓடுற நீளவாக்குல மட்டும்தான் கிடைக்கும், குறுக்குல கிடைக்காது. அதனால எந்தப் பக்கம் வளையும்னு பார்த்துட்டு மேடு போடணும்.

மெஷின் இல்லைன்னா பரவாயில்லை. கெட்டியான கட்டையில பள்ளம் எடுத்து, மேல தகட்டை வச்சு, மழுங்கின கட்டையால கொஞ்சம் கொஞ்சமா இறக்கலாம். நாங்க அப்படித்தான் செஞ்சோம். ஒரே அடியில இறக்கப் பார்த்தா தகடு கிழிஞ்சிடும்.

வளைவுன்னா ரெண்டே வேலை

மட்கார்டு மூலை மாதிரி ரெண்டு பக்கமும் வளையிற இடத்தை வெறுமனே மடக்கி செய்ய முடியாது. ஒண்ணு நடுவை இழுக்கணும், இல்லை ஓரத்தைச் சுருக்கணும்.

இழுக்கிறது புரோட்டா மாவு தட்டுற மாதிரி. மணல் மூட்டை மேல தகட்டை வச்சு கொட்டாப்புளியால நடுவுல தட்டத் தட்ட, அங்க தகடு மெலிஞ்சு பரவி குழியாகும். சுருக்கிறது சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி. ஓரத்துல சின்னச் சின்னதா மடிப்பு விட்டு, அது விரியாம நுனியில இருந்து தட்டி உள்ள அமுக்கணும். அங்க தகடு கனக்கும். குடம் தட்டுறவங்க காலங்காலமா செஞ்சதும் இதேதான். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சுருக்கினா தகடு ஒரே இடத்துல மெலியாது.

வெல்டிங்: அவசரப்பட்டா அவ்வளவுதான்

முதல் மட்கார்டுல ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் ஒரே ஓட்டமா வெல்ட் வச்சேன். அப்பளம் மாதிரி நெளிஞ்சுது. காரணம் இதுதான்: இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. விரியும். 100 மி.மீ. துண்டு 500 டிகிரி ஏறினா 0.6 மி.மீ. விரியப் பார்க்கும். சுத்தி இருக்கிற குளிர்ந்த தகடு விடாது. சூட்டுல மெத்துனு இருக்கிற அந்த இடம் தனக்குள்ளயே அமுங்கிக் கனக்கும். ஆறும்போது பழைய அளவை விட சிறுசாகும், பக்கத்தையும் சேர்த்து இழுக்கும்.

அதனால பொட்டுப் பொட்டாத்தான் வைக்கணும். இங்க ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு. கை வச்சா சுடாத அளவுக்கு ஆறினதும் அடுத்தது. நாலு மணி நேரம் ஆச்சு, ஆனா நெளியல.

ரெண்டு எச்சரிக்கை. மிச்சம் கிடக்கேன்னு ஜி.ஐ. ஷீட்டை அப்படியே வெல்ட் பண்ணாதீங்க. துத்தநாகப் புகை உள்ள போனா ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். ஃபைபர்ல பாகம் செய்றவங்க கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியா ஒண்ணா ஊத்தவே கூடாது, வெடிக்கும். முதல்ல ரெசின்ல கோபால்ட்டை நல்லா கலக்கிட்டு, அப்புறம்தான் ஹார்டனர்.

துரு எங்கிருந்து வந்துச்சு?

பழைய தரையை அறுத்து எடுத்தப்போதான் தெரிஞ்சுது. துரு மேல இருந்து வரல. ரப்பர் மேட்டுக்கு அடியில தேங்கின மலை மழைத் தண்ணி, ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ற இடுக்குல புகுந்து வருஷக்கணக்கா தின்னிருக்கு. அதனால புதுத் தகட்டுல ரெண்டு பக்கமும் பிரைமர் அடிச்சு, இடுக்கை சீலன்ட் வச்சு அடைச்சு, தாழ்வான இடத்துல தண்ணி வடிய ஓட்டை விட்டோம். பட்டி வைக்கிறது கடைசி வேலை. நெளிவை பட்டியால மறைச்சா, முதல் மலை ரோட்டுலயே உதிர்ந்துடும்.

போன மாசம் பெரியப்பா டிரைவர் சீட்டுல ஏறி உட்கார்ந்து, காலால தரையை ரெண்டு தடவை ஓங்கி மிதிச்சுப் பார்த்தார். 'டம்'னு சத்தம் வரல. "கெட்டியாத்தான் இருக்கு"ன்னார். பக்கவாட்டுத் தகடு இன்னும் பாக்கி, அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

டிங்கர் அண்ணனோட மகன் கோயம்புத்தூர்ல ஐடி வேலைல இருக்கார். பட்டறையில இப்போ வேற யாரும் கத்துக்க வர்றதில்லை. உங்க ஊர்லயும் இப்படி ஒரு பட்டறை கண்டிப்பா இருக்கும். அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு நாள் போய் நில்லுங்க. கையில ஒரு பழைய அட்டையும் கத்திரிக்கோலும் இருந்தா போதும்.