வரப்பு தாண்டும் புள்ளி

அண்மையில் சொந்த ஊருக்குச் சென்றிருந்தேன். பயிர்க் கணக்கெடுப்புக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், வேப்பமரத்தடி வரப்பில் நின்றபடி உளுந்து வயலைக் கைப்பேசியில் படமெடுத்தார். செயலி காட்டியதோ பக்கத்து வயலின் சர்வே எண்ணை. அருகில் நின்ற விவசாயி கேட்டார்: "என் உளுந்து அவர் கணக்கில் ஏறிவிட்டால், நாளைக்கு வெள்ளம் வந்தால் நிவாரணம் யாருக்குத் தம்பி வரும்?"

பொருளியல் ஆசிரியனாகப் பல கள ஆய்வுகளை நடத்தியவன் நான். பிழையின் விலையை இவ்வளவு தெளிவாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே கைப்பேசி தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவு 30 செ.மீ. மாறிவிடும். அயனி மண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய தென் தமிழகத்தில் இந்தத் தொல்லை கூடுதல். மரக்கிளைகள் சமிக்ஞையை மங்கவைக்கின்றன. சுவர்கள் அதைத் திருப்பி அனுப்பிக் கருவியைக் குழப்புகின்றன.

திறந்த வெளியிலேயே சாதாரணக் கைப்பேசியின் பிழை சுமார் 5 மீட்டர். பெரும் பண்ணைக்கு இது ஒரு பொருட்டல்ல. பாகப்பிரிவினையில் துண்டுபட்டு, 10 மீட்டர் அகலத்தில் எஞ்சிய வயலுக்கோ, நட்டநடுவில் நின்றாலும் வரப்பைத் தொட்டுவிடும் பிழை இது. ஆக, ஒரே பிழை எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை; சிறு விவசாயியையே அதிகம் தாக்குகிறது.

பெருஞ்செலவின்றியே இதைக் குறைக்கலாம். மரத்தடியையும் வரப்பையும் விட்டு, வயலின் நடுவில், வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். செயலிக்குத் துல்லியமான இருப்பிட அனுமதி தர வேண்டும். மின்கலச் சேமிப்பு முறையை அணைக்க வேண்டும். முதலில் தோன்றும் புள்ளியை ஏற்காமல், அது நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு அலைவரிசைகளைப் பெறும் கைப்பேசியானால் இன்னும் நல்லது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சுருக்கவும் கூடாது: நான்காம் தசம இடத்தோடு நிறுத்தினால், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே சுமார் 11 மீட்டர் இடைவெளி விழும்.

எல்லையே வழக்காகும் இடங்களில் கைப்பேசியை மட்டும் நம்பலாகாது. இந்திய நில அளவைத் துறை நிறுவியுள்ள 'கோர்ஸ்' நிலையங்களின் திருத்தத் தரவை உரிய கருவியில் பெற்றால், சில சென்டிமீட்டர் துல்லியம் கிட்டும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது, பிழையின் அளவையும் பதிவு செய்வது. ஆண்ட்ராய்டு கைப்பேசி '5 மீட்டர் துல்லியம்' என்று காட்டினால், உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்கும் வாய்ப்பு 68 விழுக்காடுதான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பதிவு வெளியே விழலாம். புள்ளியியலில் பிழை வரம்பு சொல்லாத மதிப்பீட்டை மாணவர் தந்தால் திருப்பி அனுப்புவோம். நிவாரணத்தையும் காப்பீட்டையும் தீர்மானிக்கும் பதிவுக்கு அதைவிடத் தளர்ந்த விதி எப்படிப் பொருந்தும்? வட்டம் வரப்பைத் தாண்டினால், செயலி தானாக ஒரு சர்வே எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் மறுபார்வைக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு இத்தனை வயல் என்று இலக்கு வைத்து விரட்டினால், ஒரு நிமிடம் காத்திருக்க எவருக்கும் மனம் வராது. அந்த ஒரு நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பது வீண்செலவன்று. அன்று அந்த இளைஞர் மரத்தடியை விட்டு வயலின் நடுவே சென்று சற்று நேரம் நின்றார். சர்வே எண் சரியாக வந்தது.