கழி ஊன்றிச் செல்லும் கிருமி

பெரம்பலூரிலும் அரியலூரிலும் நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், மலேரியாப் பாடம் நடத்துகையில் ஒரு மாணவன் எழுந்து, “காலும் வாலும் இல்லாத கிருமி எப்படி ஐயா நகரும்?” என்று கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று அதனைச் சொல்ல முயல்கிறேன்.

மாணவர்களே, அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடும் கொள்ளிடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஓடக்காரர் நீண்ட மூங்கிற் கழியை ஆற்றடி மணலில் ஊன்றி, தோளிற் சாய்த்து, ஓடத்தின் முன்புறத்திலிருந்து பின்புறம் நோக்கி நடப்பார். அவர் பின்னே நடக்க நடக்க ஓடம் முன்னே செல்லும். மலேரியாக் கிருமி இயங்குவதும் ஏறத்தாழ இவ்வாறே. கொசு கடிக்கும்போது நம் தோலில் இறங்கும் கிருமி, விநாடிக்கு 1 முதல் 3 மைக்ரான் வரை வழுக்கிச் சென்று இரத்தக் குழாயை அடைகிறது. அதன் முனையிலுள்ள நுண்பைகள் வெளியிடும் ஒட்டும் புரதங்களே கழி. மயோசின் என்னும் புரதம் ஆக்டின் என்னும் இழையைப் பின்னுக்குத் தள்ள, இழையோடு கழியும் பின்செல்கிறது. கிருமியின் உடல் முன்னேறுகிறது. ஓடக்காரர் தம் கழியைப் பிடுங்கி மீண்டும் ஊன்றுவார். கிருமியோ பின்முனையை எய்திய கழியை நொதியால் வெட்டி விட்டுவிடும், பெரிய ஊதாரி!

இவையெல்லாம் எங்ஙனம் தெரிய வந்தன? சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியைப் பழுது பார்ப்பவர், ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டு எது நின்றுபோகிறது என்று பார்ப்பதுண்டு. அறிஞர்களும் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தனர். 1997ஆம் ஆண்டில், எலிகளைப் பற்றும் மலேரியாக் கிருமியிலிருந்து ‘டிராப்’ என்னும் ஒட்டும் புரதத்தின் மரபணுவை நீக்கினர். கிருமி பிறந்தது, ஆனால் வழுக்கிச் செல்ல இயலவில்லை. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் அதனால் நுழைய முடியவில்லை.

டிராப் புரதம் இரத்த நிலையில் தேவைப்படாதது. ஆகவே அதனை நீக்கியும் கிருமியை இரத்தத்தில் வளர்க்க முடிந்தது. செங்குருதி அணுவினுள் நுழைவதற்கு இன்றியமையாத மரபணுவை நீக்கினால் கிருமியே மிஞ்சாது. பிறகு எதனை ஆராய்வது? இதற்கு ஓர் உபாயம் கண்டனர். மரபணுவை வெட்டும் நொதியை இரு பாதிகளாகப் பிரித்துக் கிருமியினுள் வைத்தனர். ராபமைசின் என்னும் மருந்தை இட்டால் மட்டுமே பாதிகள் இணைந்து வெட்டும். இவ்வாறு வேண்டிய வேளையில் ஆக்டினை நீக்கிப் பார்த்தபோது, கிருமிகள் செங்குருதி அணுக்களுள் புக இயலாமற் போயின. இம்முடிவு 2017இல் வெளிவந்தது.

நம் சென்னையில் நெடுங்காலம் மிகுந்து காணப்பட்ட மலேரியா, வைவாக்ஸ் என்னும் வகை. அது ‘டஃபி’ என்ற புரதத்தைப் பற்றியே செங்குருதி அணுவினுள் நுழைகிறது என்றும், மேற்கு ஆப்பிரிக்கருள் மிகப் பலருக்கு அப்புரதம் இல்லாமையால் அவர்களை அது எளிதிற் பற்றுவதில்லை என்றும் 1976இல் அறிந்தனர். ஆனால் வைவாக்ஸ் கிருமியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்க இயலவில்லை.

இங்கே ஒரு குரங்குக் கிருமி துணைக்கு வந்தது. 1932இல் கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா என்னும் இருவர், குரங்கின் கிருமியொன்று மனிதருக்கும் மலேரியா தரும் என்று காட்டினர். நோல்ஸின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. மனிதக் குருதியில் வளரப் பழக்கப்பட்ட இக்கிருமியில், அதன் சொந்த ஒட்டும் புரதத்தை நீக்கி, வைவாக்ஸின் புரதத்தை 2019இல் பொருத்தினர். கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரி இதற்கு உதவிற்று. இப்போது, வைவாக்ஸ் தடுப்பூசி பெற்றவரின் எதிர்ப்பொருள் அந்நுழைவைத் தடுக்கிறதா என்பதைக் குடுவையிலேயே பார்க்கலாம்.

டஃபி இல்லாத சிலரையும் வைவாக்ஸ் பற்றியிருப்பது பின்னர்த் தெரிந்தது. ஆகவே வேறு வாயிலும் இருத்தல் கூடும். அதனைத் தேடி வருகின்றனர்.