பூவரசம் பூவும் படைவீரர் நலமும்



நமது புத்தளக் கரையோர ஊர்களில் வேலியிலும் வீதியோரத்திலும் பூவரச மரம் நிற்பதை யாவரும் அறிவர். அதன் மஞ்சள் மலருக்கு இந்நாட்டுப் படைவீரர் வரலாற்றில் ஓரிடம் உண்டு என்பதைச் சிலரே அறிவர்.

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் முதலாம் உலகப் போர் ஓய்ந்தது. அந்நாளின் நினைவாக இலங்கையிலும் ஆண்டுதோறும் செந்நிறப் பொப்பி மலர்கள் விற்கப்பெற்றன. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரருக்கே சென்றது. வறுமையுற்ற இலங்கை வீரரோ கவனிப்பாரின்றி இருந்தனர். இதனைப் பொறாத முன்னாள் வீரர் ஏலியன் பெரேரா, 1931இல், அதே நாளில் பூவரசம் பூவை விற்று, வரும் பணத்தை இந்நாட்டு வீரருக்கு அளிக்க வழிசெய்தார். சிங்களத்தில் அது 'சூரிய மல்' இயக்கம் எனப் பெயர் பெற்றது.

நினைவுகூர்தல் ஒரு நாளில் முடிந்துவிடும்; பேணுதலோ ஆண்டு முழுவதும் வேண்டப்படுவது. இவ்வுண்மை 2009ஆம் ஆண்டு மே மாதம் முடிவுற்ற உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். அங்கவீனமுற்ற வீரரையும், உயிர்நீத்தோரிலும் காணாமற்போனோரிலும் தங்கியிருந்த குடும்பங்களையும் பேணுதற்கென 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தினால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பெற்றது. ஆயினும், சட்டம் எட்டாத இடம் ஒன்றுண்டு. அது வீட்டின் உள்ளே.

காலிழந்தவருக்குச் செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் போதாது. எஞ்சிய காலின் அளவு மாறும்; பொருத்திய காலும் தேயும்; காலத்துக்குக் காலம் புதிது வேண்டும். மனத்தின் காயமோ கண்ணுக்குப் புலனாவதில்லை. உறக்கமின்மை, கொடுங்கனவு, வெடியொலி கேட்டதும் நடுக்கம், காரணமற்ற சினம், மதுப்பழக்கம் ஆகியன அதன் அறிகுறிகளாகலாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இத்தகையோரைக் கோழைகள் என இகழ்ந்தோரும் உளர். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இதனை ஒரு நோயாகப் பெயரிட்டு வகுத்தது. இன்று இதற்குச் சிகிச்சை உண்டு.

இந்நோயின் சுமையை முதலில் தாங்குபவள் மனைவி, அடுத்து, பிள்ளைகள். வகுப்பில் காரணமின்றி வாடியிருக்கும் பிள்ளையை அதட்டுமுன், அதன் வீட்டு நிலையை வினவுதல் ஆசிரியர் கடன்.

"படைவீரர் துன்பம் நமக்கென்ன?" என்று கேட்போர் நம்மிடையே இருக்கலாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்குப் புகலிடம் அளித்த மாவட்டம் இது. போர் எவரையும் விட்டுவைப்பதில்லை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. உறக்கமிழந்த வீரரும், உறவினரை இழந்த தமிழ்த் தாயும், ஊரிழந்த முதியவரும் நாடவேண்டிய மருத்துவம் ஒன்றே.

ஆதலின், அயல்வீட்டில் இத்துன்பம் உளதாயின் இகழாதீர்கள். புத்தளம், சிலாபம் ஆகிய இடங்களிலுள்ள அரசினர் வைத்தியசாலைகளுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்களுக்கு அறியத்தாருங்கள்.