வளர்ச்சியும் பங்கீடும்: வறுமை எப்போது நீங்கும்?

 

நாட்டில் செல்வம் பெருகினால் வறுமை தானாகவே அகன்றுவிடும் என்பர் சிலர். இருப்போரிடம் பெற்று இல்லாதோருக்குக் கொடுத்தாலே போதும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் இணைந்தால்தான் பயன் நிலைக்கும் என்பதே நமது நாடு கண்ட அனுபவமாகும்.

அரச கணிப்பின்படி 2002 இல் 22.7 வீதமாக இருந்த இலங்கையின் வறுமை, 2016 இல் 4.1 வீதமாகக் குறைந்தது. உதவிப் பணம் மட்டும் இதனைச் சாதிக்கவில்லை. தொழில்கள் பெருகின; கூலி உயர்ந்தது; வெளிநாடு சென்றோர் அனுப்பிய பணம் குடும்பங்களைத் தாங்கியது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி ஏழையின் பிள்ளையையும் தொழிலுக்குத் தகுதியாக்கியது. அதுவும் ஒரு பங்கீடேயாகும்.

எனினும், எல்லா வளர்ச்சியும் ஏழையின் வாசலை அடைவதில்லை. நமது புல்மோட்டைக் கரையின் கனிய மணலையே எடுத்துக்கொள்வோம். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகியவை இங்கு பிரித்தெடுக்கப்பட்டு, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றன. இல்மனைட்டிலிருந்து வர்ணப்பூச்சுக்கான வெண்ணிறப் பொருளை ஆக்கும் தொழிலும், அதன் கூலியும் பிற நாடுகளையே சேர்கின்றன. மணல் நம்முடையது, அதனை மாற்றும் அறிவின் ஊதியமோ பிறருடையது.

வளர்ச்சி சரிந்தாலோ முதலில் வீழ்பவர் ஏழையே. 2021 இல் சுமார் 13 வீதமாக இருந்த வறுமை, பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022 இல் சுமார் 25 வீதமாயிற்று என, வேறோர் அளவுகோலைக் கொண்டு உலக வங்கி மதிப்பிட்டது. அத்தகைய வேளையில் தாங்கிப் பிடிப்பது பங்கீடே. 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும எனத் திட்டங்கள் வந்தன. சமுர்த்தியில் தகுதியுடையோர் பலர் விடுபட, தகுதியற்றோர் பலர் பயன் பெற்றனர். உரியவரைச் சேராத உதவி வறுமையைக் குறைப்பதில்லை.

ஸகாத் இதனை நமக்கு முன்பே கற்பிக்கின்றது. கொடுக்க வேண்டிய அளவும், பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாரும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளனர். அதனைச் சில்லறையாகச் சிதறடிக்காது, கூட்டாகச் சேகரித்து, ஒருவருக்கு மீன்பிடி வலையோ தையல் இயந்திரமோ வாங்கிக் கொடுத்தால், இன்று பெறுபவர் நாளை கொடுப்பவராவார்.

பெற்றோர்களே! வருமானத்துக்காகப் பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். இளைஞர்களே! நம் மண்ணின் வளத்தைப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!