விளையாட்டு அன்பரின் நாகரிகம்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. உள்ளத்திற்கு ஊக்கம் அளிப்பது. வெற்றியில் செருக்குறாமையும் தோல்வியில் துவளாமையும் ஆடுவோர் களத்தில் கற்கும் பாடங்கள். ஆட்டத்தைக் கண்டு மகிழும் அன்பர்களும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. விளையாட்டை நடத்தும் பொறுப்புடையோரிடம் தம் கருத்தை முறையறிந்து உரைத்தலே அது.

காவிரி பாயும் தஞ்சை மண்டலத்தில் சிற்றூர்தோறும் சடுகுடு ஆட்டத்திற்கு அன்பர் பலர் உளர். அவ்வூர்களில் ஆடிப் பழகிய இளைஞர் சிலர் கல்லூரி அணிகளில் இடம்பெறுகின்றனர். தஞ்சை, திருவாரூர் மாவட்டக் கல்லூரிகள் பல, 1982ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கிடையே போட்டிகள் நடத்துவதும், சிறந்த வீரரைத் தேர்ந்து பல்கலைக்கழக அணியை அமைப்பதும் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையின் பணிகளாகும்.

ஓர் ஊரின் இளைஞன் நன்கு ஆடியும் பல்கலைக்கழக அணியில் இடம்பெறவில்லை என்று கொள்வோம். ஊரார் உள்ளம் கொதிப்பது இயல்பே. சிலர் பெயரிடாமல் வசைமடல் விடுப்பர். சிலர் கைப்பேசி வழியே ஆசிரியரைப் பழித்துச் செய்தி பரப்புவர். இவற்றால் விளையும் பயன் யாது? வசையைப் படித்தவர் அதிலுள்ள குறையை நோக்கார். அதிலுள்ள பகையையே நோக்குவர். அணியில் இடம்பெற்ற மற்றொரு மாணவனும் காரணமின்றி இழிவுறுவான். யாருக்காகப் பரிந்து பேசினரோ, அந்த இளைஞனே ஆசிரியர் முன் தலைகுனிந்து நிற்க நேரும்.

உழவர் இதனை நன்கு அறிவர். கல்லணையை அடையும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரித்து விடப்படுகிறது. வெண்ணாற்று நீரை நம்பியவர் கல்லணைக் கால்வாயின் மதகில் நின்று முறையிட்டுப் பயனில்லை. சினங்கொண்டு கரையை வெட்டினாலோ, வரும் நீர் பயிரை வளர்க்காது. அயலான் வயலோடு தம் வயலையும் மூழ்கடிக்கும். சொல்லும் நீர் போன்றதே. உரிய வாய்க்கால் வழியே சென்றால்தான் அது விளைவு தரும்.

ஆதலின், முதற்கண் யாரிடம் உரைப்பது என்பதை அறிதல் வேண்டும். கல்லூரி அணியைப் பற்றிய குறையைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடமும், பின்னர் முதல்வரிடமும் கூறலாம். பல்கலைக்கழக அணியைப் பற்றியதாயின் உடற்கல்வித் துறைத் தலைவருக்கும், அங்கு விடை கிடைக்காவிடில் பதிவாளருக்கும் எழுதலாம். அடுத்து, எதனை உரைப்பது என்பதை ஆராய்தல் வேண்டும். போட்டி நடந்த நாள், இடம், கண்ட நிகழ்ச்சி ஆகியவற்றை உள்ளவாறே குறித்தல் நன்று. செவிவழிச் செய்தியை உண்மையென எழுதலாகாது. “ஓரவஞ்சனை செய்தீர்” என்று சாடுவதினும், “தேர்வு எம்முறையில் நடந்தது என்று தெரிவிக்க வேண்டுகிறோம்” என்று வினவுதல் வலிமையுடையது. சாடியவனுக்குச் சாடலே விடையாகும். வினவியவனுக்கு விளக்கம் தரவேண்டிய கடமை பிறக்கிறது. இறுதியில் பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். தன் பெயரை மறைப்பவன் சொல்லுக்கு மதிப்பில்லை.

பணிவு என்பது அஞ்சி வாய்மூடுதல் அன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு வலிய கருவியாக உள்ளது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அச்சட்டத்திற்கு உட்பட்டவை. 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும். விடை கிடைக்காவிடில் மேல்முறையீடு செய்யலாம். உரிமையைக் கேட்பதற்கு உரத்த குரல் தேவையில்லை. உறுதியான குரல் போதும்.

குறை கூறுவதற்கு மட்டுமே வாய்திறப்பவர் உண்மை அன்பர் ஆகார். நன்று நிகழ்ந்தவிடத்துப் பாராட்டுதலும் அவர்தம் கடன். 1996ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொல்கத்தாவில் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் அரையிறுதியில் இந்திய அணி தளர்ந்தபோது, கூட்டத்தினர் சிலர் புட்டிகளை வீசினர், இருக்கைகளுக்குத் தீயிட்டனர். ஆட்டம் நின்றது, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைச் சேப்பாக்கத்தில், டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா 12 ஓட்டங்களில் பாகித்தானிடம் தோற்றது. கண்ணீரை அடக்கிக்கொண்டு சென்னை மக்கள் எழுந்து நின்று, வென்றவர்களைக் கைதட்டிப் போற்றினர். பாகித்தான் வீரர்கள் மைதானத்தை வலம் வந்து அவ்வன்பை ஏற்றனர். இரு களங்களிலும் துயரம் ஒன்றே. அதனை வெளியிட்ட முறையே வேறு. கொல்கத்தாவில் எழுந்த புகை நாணத்தைத் தந்தது. சென்னையில் எழுந்த கையொலி இன்றும் புகழைத் தருகிறது.

சொல்வன்மைக்கென ஓர் அதிகாரமும் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். வன்மையும் இனிமையும் ஒரு சொல்லில் ஒருங்கே அமையும் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். இன்று ஆட்டம் காண்போர் நாளை ஊர்ப் பொதுப்பணியிலும் நாட்டுப் பணியிலும் குறை கண்டு முறையிட வேண்டியவர் ஆவர். அதற்குரிய பண்பை ஆடுகளத்தின் ஓரத்திலேயே அவர்கள் பழகிக்கொள்வார்களாக.