கடைப் பிள்ளைகளோடு மலைக்குப் போகும் முதலாளிமாருக்கு

வருடத்தில் ஒரு தடவையாவது கடையை மூடிவிட்டு ஊழியர்களை வேனில் ஏற்றி எங்கேனும் அழைத்துச் செல்வது நமது வியாபாரிகளிடம் நெடுநாளாக இருந்து வரும் நல்ல பழக்கம். முன்பெல்லாம் அது பேராதனைப் பூங்காவோடு முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் நக்கிள்ஸ் என்கிறார்கள், ஹோர்ட்டன் சமவெளி என்கிறார்கள், பாவா ஆதம் மலை என்கிறார்கள். நானும் சில வருடங்களாக எனது கடைப் பிள்ளைகளோடு நடந்து வருகிறேன். இதுபற்றி விசாரிப்போர் கூடிவிட்டதால் இவ்வாரம் மலைக் கணக்கு எழுதுகிறேன்.

பூங்காவில் ஒருவர் களைத்தால் வேனில் போய் உட்காரலாம். மலையில் அது முடியாது. கால் பிசகினால் நான்கு பேர் சுமந்துதான் இறக்க வேண்டும். கூட்டிச் சென்றவர் முதலாளி என்றால், அத்தனை பேரின் வீட்டாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

மலையில் நம் கையிலிருக்கும் முதல், பகல் வெளிச்சம்தான். நம் நாட்டில் மாலை ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஆகவே தூரத்தை மட்டும் பார்த்து நேரம் போடக் கூடாது. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலதிகமாக இன்னொரு மணித்தியாலம். நல்லதண்ணியிலிருந்து பாவா ஆதம் மலை உச்சிக்குச் சுமார் ஐந்தரைக் கிலோமீற்றர், ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீற்றர். கணக்குப் பார்த்தால் ஏறுவதற்கு மட்டும் இரண்டே முக்கால் மணித்தியாலம் வரும். அதுவும் நடந்து பழகியவருக்கு, ஓய்வே இல்லாமல். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றோர் நான்கு மணித்தியாலம் வைப்பதே புத்தி. இறக்கம் இலேசு என்று நினைக்க வேண்டாம். 5,000க்கு மேற்பட்ட படிகள் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பத்தான் வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பார்கள். போட்ட காசை எடுக்கப் போய், ஓடாத சரக்கிலேயே மேலும் காசைக் கொட்டுபவரின் பேச்சு அது.

பயிற்சி வேண்டுமா என்று கேட்கிறார்கள். நிச்சயம் வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். சுபஹ் தொழுதுவிட்டு முக்கால் மணித்தியாலம் நடை. பிறகு, முதுகுப் பையில் நான்கு தண்ணீர்ப் போத்தல்களை வைத்துக் கட்டடப் படிகளில் ஏறி இறங்குதல். புதுச் சப்பாத்தையும் இந்த நாட்களிலேயே போட்டுப் பழக்க வேண்டும். கடையிலிருந்து எடுத்த புதுச் சப்பாத்தோடு நேரே மலைக்கு வருபவர் பாதி வழியில் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

உடை விடயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் மோகம். நனைந்த ஜீன்ஸ் கனக்கும், இலேசில் காயாது, உடற்சூட்டையும் உறிஞ்சிவிடும். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி அதிகாலையில் அங்கே புல்லில் உறைபனியே காணலாம். விரைவில் காயும் கால்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, முழு ரெயின்கோட், இவை போதும். குடை காற்றில் நிற்காது.

அட்டைக்குப் பயப்படுவோர் அதிகம். 1344இல் பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, அங்கே மக்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருந்து அட்டையின் மீது பிழிவதாக எழுதியிருக்கிறார். இன்று சிலர் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்கிறார்கள். எதுவானாலும் அட்டை ஆளைக் கொல்லாது. கொல்லக்கூடியவை வழுக்குப் பாறையும், திடீரென்று பெருகும் ஓடையும், இடி மின்னலும்தான். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழமை என்பதால் நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நக்கிள்ஸை விட்டுவிடலாம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகளை நாம் மறக்கவில்லை. புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது கட்டாயம்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பேரீச்சம்பழம், கச்சான், டோர்ச், மேலதிக பற்றரி, விசில். தொலைபேசியின் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அதன் பற்றரி உதவி கேட்பதற்கு இருக்கட்டும். பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது. நிமிடத்துக்கு ஆறு தடவை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலையேறுவோரிடையே ஆபத்துக்கான சைகை. சிக்னல் கிடைத்தால் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

நடக்கும்போது மிக மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள், அவரது வேகமே எல்லோருடைய வேகம். கடைசியில் பொறுப்பான ஒருவர் வரவேண்டும். அவர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, படம் எடுப்பவர் உட்பட! போகும் பாதை, ஆட்களின் பெயர், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். மஃரிபுக்குள் உங்கள் அழைப்பு வராவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.